காலிலிருந்து தொடங்குங்கள்: மறதிநோய் உள்ளவர்களைக் குளிக்க வைப்பது

முதியோர் இல்லத்தில் காலையில் குளியலறைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டால், "அந்தப் பாட்டிக்குத் தண்ணின்னாலே ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். திருவையாற்றிலோ குடவாசலிலோ பிறந்து, பாதி ஆயுசு ஆற்றிலும் வாய்க்காலிலும் குளித்தவருக்குத் தண்ணீர் ஆகாது என்பது நம்புகிற பேச்சா? அவருக்கு ஆகாதது வேறு. யாரென்று தெரியாத ஒருவர் வந்து புடவையை உருவுகிறார். சின்ன அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறார். சொல்லாமல் கொள்ளாமல் தலையில் தண்ணீர் விழுகிறது. டிமென்ஷியா என்கிற மறதிநோய் வந்த மூளைக்கு இது குளியல் என்று படாது, யாரோ தன்னைத் தாக்குவதாகத்தான் படும். அடிப்பதும் கடிப்பதும் நகத்தால் பிராண்டுவதும் தற்காப்பு.

படித்துறையில் எப்படிக் குளித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பொடியன்கள் குதிப்பார்கள், அதை விடுங்கள். பெரியவர்கள் முதல் படியில் பாதத்தை நனைப்பார்கள், அடுத்த படியில் கணுக்கால், பிறகு முழங்கால், இடுப்பு. உடம்பு தண்ணீருக்குப் பழகிய பிறகுதான் முழுக்கு. பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டியிருப்பார்கள், ஆண்களுக்கு இடுப்பில் துண்டு. பிறத்தியார் முன்னால் முழுதாக அவிழ்த்துப் போட்டுக் குளித்த பழக்கமே அந்தத் தலைமுறைக்குக் கிடையாது. காலிலிருந்து மேலே போவது, உடம்பில் துணி இருப்பது என்ற இந்த இரண்டையும் குளியலறைக்குள் கொண்டுவந்தால் பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

இது வெறும் ஊர்ப்பழக்கம் அல்ல. குளிக்கும்போது முரண்டு பிடிக்கும் டிமென்ஷியா நோயாளிகளை வைத்து அமெரிக்க முதியோர் இல்லங்களில் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆளுக்கு ஏற்ப மாற்றிய ஷவர் குளியலிலும், படுக்கையிலேயே ஈரத்துணியால் செய்யும் குளியலிலும் பதற்றம் குறைந்தது, அடிப்பது போன்ற மூர்க்கம் பாதிக்கும் மேல் குறைந்தது. வழக்கம்போல் குளிப்பாட்டப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

முன்கூட்டி விசாரிக்க வேண்டியவை

சேர்க்கும் அன்றே குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றுக் குளியலா, கிணற்றடியா, குழாயடியா? காலையா மாலையா? காபிக்கு முன்பா பின்பா? சோப்பா, பயத்தம்மாவா? எண்ணெய் எந்தக் கிழமை? குளித்து முடித்ததும் அவர் செய்யும் முதல் காரியம் என்ன: திருநீறா, திருமண்ணா, ஜெபமாலையா, தொழுகையா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குளியலை முடித்து வைக்கும் அடையாளம் அதுதான். திருநீற்றுச் சம்புடத்தைக் கையில் கொடுத்ததும் அமைதியாகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மஞ்சளில் கவனம் தேவை. முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளித்துப் பழகிய அம்மாவுக்கு ஒரு துண்டு மஞ்சளைக் கையில் கொடுத்தால் அவரே பூசிக்கொள்ளத் தொடங்குவார். ஆனால் கணவரை இழந்தபின் மஞ்சளை விட்டவர் என்றால் அதே மஞ்சள் அழுகையில் கொண்டுபோய் விடலாம். கேட்காமல் கொடுக்காதீர்கள். பூணூல், தாலி, ருத்திராட்சம், தாயத்து எதையும் கழற்றச் சொல்ல வேண்டாம். சற்றே தூக்கி அடியில் துடைத்தால் போதும். நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை துணி விலகவே கூடாது, கூடியவரை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்தான் உதவ வேண்டும். மற்றவர்களுக்கும் இதையே வைத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

என்ன சொல்லி அழைப்பது

"குளிப்பாட்டணும், எழுந்திரிங்க" என்று சொல்லாதீர்கள். குளிப்பாட்டுவது பச்சைக் குழந்தையை, இல்லாவிட்டால் பிணத்தை. "தலைக்கு ஊத்திக்கலாம்" என்பதும் வம்புதான். நாள் கிழமை இல்லாமல் தலைக்குக் குளிப்பது துஷ்டி வீட்டுக்குப் போய் வந்த பிறகு என்று பதிந்திருப்பவர், "யாரு போயிட்டா?" என்று கேட்டுக் கலங்கிவிடுவார். "நாறுது", "மூணு நாளாச்சு", "குழந்தை மாதிரி பண்ணாதீங்க" ஆகிய மூன்றையும் இல்லத்திலிருந்தே விரட்டிவிடுங்கள்.

குளியல் என்ற பேச்சே இல்லாமல் தொடங்கலாம். "பெரியம்மா, கால் சில்லுனு இருக்கே, கொஞ்சம் வெந்நீர் ஊத்தட்டுமா?" அல்லது "வாத்தியாரய்யா, மேல் கழுவிக்கிட்டு வந்தா காபி ரெடி." ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருங்கள், அவர் காதுக்கும் புத்திக்கும் நடுவில் இப்போது தூரம் அதிகம். "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பது சுலபமான பதில். "இந்தத் துண்டா, அந்தத் துண்டா?" என்று கேட்டால் எதையாவது காட்டுவார்.

எப்போது, எத்தனை முறை

விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையாகக் குளிக்க வைப்பது இரவு ஷிப்டுக்காரர்களின் வசதிக்கு ஏற்பட்ட வழக்கம். தோலுக்கோ நோய்க்கோ அதனால் ஒரு நன்மையும் இல்லை. டிமென்ஷியாவில் பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். ஆகவே காலை பத்து, பத்தரை மணி பெரும்பாலும் ஒத்துவரும். சிலருக்கு வயல்வேலை முடிந்து சாயங்காலம் குளித்ததே வழக்கமாக இருந்திருக்கும், அவர்களுக்கு மட்டும் நான்கு மணி. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரை வெறும் வயிற்றோடு குளியல் வரிசையில் காத்திருக்க வைக்கக் கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு முறை போதும். வயதான தோலில் எண்ணெய்ப்பசை குறைவு, தினமும் சோப்பு போட்டால் வெடிக்கும். முகம், கைகள், அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றை மட்டும் தினமும் துடைத்தாக வேண்டும். தினமும் குளித்துப் பழகிய மனசுக்கு, காலுக்கு நாலு சொம்பு வெந்நீர் ஊற்றி உடம்பைத் துடைத்துவிட்டாலே குளித்த திருப்தி வந்துவிடும்.

மூட்டுவலி, தோள்பட்டை இறுக்கம் உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது கத்துவது வலியால்தான். மருத்துவர் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வேளை மாத்திரையைக் குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுக்கும்படி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே "முரட்டு நோயாளி" என்று பெயரெடுத்தவர் சாதுவாகிவிடுவது உண்டு.

அறையும் சாமான்களும்

வெள்ளை டைல்ஸ் தரையில் வெள்ளை நாற்காலி போட்டால் அவர் கண்ணுக்கு நாற்காலி தெரியாது. உட்காரச் சொன்னால் பள்ளத்தில் தள்ளுவதாக நினைப்பார். நீலம், சிவப்பு என்று அழுத்தமான நிறத்தில், கைப்பிடியும் சாய்மானமும் உள்ள கனமான நாற்காலி போடுங்கள். முக்காலி ஸ்டூல் வேண்டாம். கறுப்பு ரப்பர் விரிப்பு அவருக்குக் குழியாகத் தெரியும், தரையின் நிறத்தை ஒட்டிய வழுக்காத விரிப்பே நல்லது. கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள். தன் முகத்தையே வேற்றாள் என்று எண்ணி, "அவ முன்னால எப்படி அவுக்கறது?" என்பார். காலி பிளாஸ்டிக் வாளியில் குழாய் கொட்டும் சத்தம் அந்தச் சின்ன அறையில் இடி போலக் கேட்கும். ஆகையால் தண்ணீரை முன்பே நிரப்பிவிட்டு ஆளை அழைத்து வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் அறை சில்லென்று கிடக்கும். ஆள் வருவதற்கு முன் ஒரு வாளி சுடுநீரைத் தரையிலும் சுவரிலும் ஊற்றி, தண்ணீரைத் தள்ளி, தரையை உலரத் துடைத்துவிடுங்கள். அறை இதமாகிவிடும்.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: பழைய நூல் வேட்டி அல்லது பெரிய ஈரிழைத் துண்டு இரண்டு (உடம்பில் போர்த்தியே இருக்க), தேங்காய்ப்பூத் துண்டு இரண்டு, சிறு துணிகள் நான்கு, 15 லிட்டர் வாளி ஒன்று, அலச இன்னொரு வாளி, சொம்பு, மென்மையான சோப்பு, தேங்காயெண்ணெய், மாற்றுடை. எதையாவது மறந்துவிட்டு எடுக்கப் போகிற அரை நிமிடத்தில்தான் ஆள் எழுந்து நின்று விழுவார். ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது.

தண்ணீர் 37 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள். நூறு இருநூறு ரூபாய்க்குத் தண்ணீர்த் தெர்மாமீட்டர் கிடைக்கும், இல்லையென்றால் முழங்கையை முக்கிப் பாருங்கள். வேலை செய்து காய்த்த உள்ளங்கை பொய் சொல்லும். முதலில் பச்சைத்தண்ணீர், அதன் மேல் வெந்நீர், அந்த வரிசை மாறக் கூடாது. சூரிய வெந்நீர்க் குழாய் வைத்த இல்லங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், வெயில் நாளில் அந்தத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும். நேராகக் குழாயிலிருந்து உடம்பில் விடவே கூடாது. சர்க்கரையால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, தோல் கொப்புளித்த பிறகுதான் நமக்கே தெரியும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் உப்புத்தண்ணீர் வரும் இடங்களில் சோப்பு நுரைக்காது. நுரை வரவேண்டும் என்று மேலும் மேலும் தேய்ப்பதால்தான் பிறகு அரிப்பு வருகிறது. அங்கே சோப்பை அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்துக்கு நைஸாகச் சலித்த பயத்தம்மாவோ வெறும் வெந்நீரோ போதும்.

நாற்காலிக் குளியல்

ஒருவர் குளிக்க வைப்பார், தேவைப்பட்டால் இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். நாலு பேர் சூழ்ந்தால் அது போராட்டம்தான். நீங்களும் நின்றபடி குனியாமல், அவர் கண்ணுக்கு நேராகத் தாழ்வாக உட்காருங்கள்.

கட்டிலில் எழுப்பி உட்கார வைத்து இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு நிற்க வையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும், லூயி பாடி வகை டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, தோள் பிசகிவிடும்.

உடை மாற்றுவதைப் படுக்கை அறையிலேயே முடித்துவிடலாம். மேலே வேட்டியைப் போர்த்திவிட்டு உள்ளே இருப்பதை நழுவ விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன ஈரத்துணியோ சொம்போ அவர் கையில் கொடுங்கள். கைக்கு வேலை இருந்தால் அது நம்மைப் பிடித்து இழுக்காது, தானே கழுவிக்கொள்கிற மானமும் மிஞ்சும்.

பிறகு பாதம். ஒரு சொம்பு ஊற்றுவதற்கு முன் கையால் பாதத்தைத் தொட்டு "கால்ல தண்ணி வருது" என்று சொல்லி, மெல்ல ஊற்றுங்கள். முகத்தைப் பாருங்கள். புருவம் சுளிக்காவிட்டால் முழங்கால்வரை, அடுத்துத் தொடை, துணிக்கு மேலேயே இடுப்பு. நனைந்த துணி உடம்போடு ஒட்டிச் சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் ஊற்றுவதை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் குளிரெடுக்கும். எனவே அரட்டைக்காகக் கையை நிறுத்த வேண்டாம், மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியுங்கள். கைகள், முதுகு, வயிறு, மார்புக்கு அடி எல்லாம் துணிக்குள் கைவிட்டுக் கழுவ வேண்டியவை. ஹேண்ட் ஷவர் இருந்தால் வேகத்தைக் குறைத்து, தோலை ஒட்டியபடி துணி மேல் பிடியுங்கள். தூர இருந்து பீய்ச்சினால் ஊசி குத்துவது போல இருக்கும்.

மறைவிடம் கடைசி, வேறு துணி, சொல்லிவிட்டுத்தான். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், மாறினால் மலக்கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போகும். ஆண்களுக்கு முன்தோல் தானாகப் பின்வாங்கும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தள்ளிக் கழுவி, மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் இறுக்கி வீங்கி அவசர சிகிச்சை வரை போகும். வெட்கத்தால் இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

முகத்தை அவரே துடைத்துக்கொள்ளட்டும். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் மேல் கழுவும்வரை இருக்கட்டும் (காது மெஷினில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). அவற்றை முதலிலேயே கழற்றிவிட்டால், பாதி குருடாகவும் செவிடாகவும் அவரை உட்கார வைத்ததாகிவிடும்.

துவட்டும்போது படித்துறையில் ஈரப்புடவை மாற்றும் வித்தைதான்: மேலே உலர்ந்த தேங்காய்ப்பூத் துண்டு ஏறிய பிறகே உள்ளே ஈரத்துணி இறங்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கு, மார்புக்கு அடி, தொடையிடுக்கு மூன்றும் நன்றாக உலர வேண்டும். அங்கே பவுடரைக் கொட்டுவது பெரிய தப்பு. சித்திரை, வைகாசி வியர்வையில் அது பிசினாகி, புண்ணும் படையும் வரும். கை, கால், முதுகில் ஈரப்பசை இருக்கும்போதே தேங்காயெண்ணெய் மெல்லியதாகத் தடவுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கால் விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

படுக்கையிலேயே வேட்டிக் குளியல்

குளியலறை வாசலைப் பார்த்தாலே நடுங்குகிறவர்களுக்கும், நோய் முற்றியவர்களுக்கும் இதுதான் சிறந்தது. 2 முதல் 3 லிட்டர் வெந்நீர், சுமார் 45 டிகிரி. பிழிந்து விரிப்பதற்குள் 40-க்கு இறங்கிவிடும், உடம்பில் போடுமுன் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அலசத் தேவையில்லாத குளியல் திரவம் கிடைத்தால் அதன் பாட்டிலில் சொன்ன அளவு கலந்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான திரவ சோப்பு ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாலு முழ வேட்டியும் மூன்று சிறு துணிகளும் அதில் நனைத்துப் பிழிந்து, சூடு போகாமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

போர்வைக்கு அடியிலேயே உடையை எடுங்கள். வேட்டியைக் காலில் தொடங்கி மேல்நோக்கி விரித்துக்கொண்டே போங்கள், போர்வை விலக விலக வேட்டி மூட வேண்டும், அதன் மேல் மறுபடி உலர்ந்த போர்வை. துணிக்கு மேலேயே கால், கை, வயிறு என்று மெல்லப் பிடித்துவிடுங்கள். கால் பிடித்துவிடுவதாக நினைத்துப் பலர் கண்ணயர்ந்தே போவார்கள். பக்கவாட்டில் திருப்பி முதுகுக்கு ஒரு துணி, முகத்துக்கு சோப்பு படாத தனித்துணி, மறைவிடத்துக்குக் கடைசித் துணி. சாதாரண சோப்பு சேர்த்திருந்தால் வெறும் வெந்நீரில் பிழிந்த இரண்டாவது வேட்டியால் ஒரு முறை துடைத்தாக வேண்டும். விட்டால் அரிக்கும்.

தலையும் எண்ணெயும்

தலைக்குளியலை மேல் குளியலோடு சேர்க்காதீர்கள். சண்டையில் பெரும்பங்கு அதனால்தான். வேறொரு நாளில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, நெற்றியில் மடித்த துண்டைக் கட்டி, கண்ணிலும் காதிலும் தண்ணீர் இறங்காமல் பின்பக்கமாகச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். அதுவும் ஆகாவிட்டால், ஒரு லிட்டர் வெந்நீரில் கால் டீஸ்பூன் ஷாம்பு கலந்து துணியால் முடியைத் துடைத்து, வெறும் வெந்நீர்த் துணியால் இரண்டு மூன்று முறை எடுத்தாலே சிக்கும் பிசுக்கும் போய்விடும்.

சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை எண்ணெய் வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. உச்சந்தலையில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கட்டிலில் உட்கார்ந்தபடி, அவ்வளவே. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக் குளியலறைக்கு நடக்க வைத்தால் இடுப்பெலும்பு முறிவை நாமே அழைத்து வருகிறோம். சீயக்காய்ப்பொடி கண்ணில் விழுந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குக் குளியலே கிடையாது.

வேண்டாம் என்றால்

முதல் "வேண்டாம்" வந்ததும் கையை நிறுத்துங்கள், காரணத்தைத் தேடுங்கள்: குளிரா, வலியா, மூத்திரம் முட்டுகிறதா, வெட்கமா? சரிசெய்த பிறகும் முகம் மாறாவிட்டால் போர்த்தி, துவட்டி, எதுவரை ஆனதோ அதுவரை போதும் என்று விடுங்கள். அரை மணி கழித்து வேறொரு ஆள், வேறொரு பேச்சோடு போகலாம். அவர் மறந்திருப்பார், இந்த நோயில் நமக்கு உதவுகிற ஒரே விஷயம் அது. மலம், மூத்திரம் பட்டிருந்தால் மட்டும் விட முடியாது. அந்த இடத்தைப் படுக்கையிலேயே வெதுவெதுப்பான துணியால் சுத்தம் செய்துவிட்டு, மீதியைத் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் கையை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் பிடி இறுகும். தளர்த்தி வைத்து, அவர் கைக்குள் ஒரு துணியைத் திணித்தால் விட்டுவிடுவார். மணிக்கட்டைப் பிடித்து அடக்குவது எந்த நிலையிலும் கூடாது. அந்தத் தோல் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும்.

நேற்றுவரை இணங்கியவர் இன்று திடீரென்று மூர்க்கமானால் அது பிடிவாதம் இல்லை. சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், எங்கோ ஒரு எலும்பு முறிவு என்று ஏதாவது இருக்கும், மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். குளியல் நேரம் உடம்பைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே சமயமும்கூட. குதிகால், இடுப்பின் பக்கங்கள், முதுகடியில் நிறம் மாறியிருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்தும் நிறம் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக, சூடாக, கெட்டியாக இருக்கும்.

குளியல் நோட்டில் "குளித்தார் / குளிக்கவில்லை" என்று டிக் அடிப்பதால் அடுத்த ஷிப்டுக்கு எந்த உபயோகமும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "காலை 10.20. நாற்காலி. கால் முதல் வயிறு வரை ஆனது. முதுகுக்கு வந்ததும் இடது தோள் வலி என்றார், அந்தக் கையைத் தூக்கவில்லை. தலை தொடவில்லை. வலது குதிகாலில் கருநீலம், நர்ஸிடம் சொல்லியாயிற்று, தலையணை வைத்துக் குதிகால் படாமல் தூக்கி வைத்திருக்கிறது. நீலச் சொம்பு கையில் இருந்தால் அமைதி. குளித்ததும் திருநீறு கேட்டார், ஜன்னலோரச் சம்புடத்தில் இருக்கிறது."